ஓசியில் கூத்து: காசு கொடுத்தது யார்?

செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போனபோது எங்கள் பனமலைப் பக்கத்தில் ஒரு திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. ராத்திரி பத்து மணிக்குக் கூத்து. பாயைச் சுருட்டிக்கொண்டு ஆயாவோடு போய் உட்கார்ந்தேன். கட்டியக்காரன் வந்து சபைக்கு வணக்கம் சொல்கிறான், எனக்கு முன்னால் மூன்று ஸ்டாண்டில் மூன்று செல்போன்கள் நிற்கின்றன. எல்லாமே யூட்யூப் சேனல்காரர்கள்.

விடியற்காலை வேஷம் கலைக்கிற இடத்தில் ஜமா வாத்தியாரிடம் பேச்சுக் கொடுத்தேன். "வாத்தியாரே, யூட்யூபுல உங்க ஆட்டம் நிறைய இருக்கே, அதுல ஏதாவது வருதுங்களா?" என்றேன். அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "பேரு வருது தம்பி. ஊர்ல அச்சாரம் குடுக்கிறாங்க பாரு, அதான் நம்ம காசு. அதுல வர்றது அவங்க காசு" என்றார்.

நான் படிப்பது பி.காம். கணக்கில் பற்று இருந்தால் வரவு இருக்க வேண்டும் என்று மூன்று வருஷமாக மண்டையில் அடித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படியானால் பார்க்கிறவன் காசு கொடுக்காத பொழுதுபோக்குக்கு வரவு எங்கிருந்து வருகிறது? யாருக்குப் போகிறது? இதைத் தேடிக்கொண்டு போனேன். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'ஓசி' என்ற சொல். கிழக்கிந்தியக் கம்பெனி அலுவல் கடிதங்களுக்குத் தபால் கட்டணம் கிடையாது, 'கம்பெனி சேவைக்காக' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளை உறை மேல் போட்டால் போதும், அதுதான் ஓசி ஆனது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ பொய்யோ, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஓசி என்றால் செலவே இல்லை என்று அர்த்தமில்லை. செலவைக் கம்பெனி ஏற்கிறது என்று அர்த்தம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜா, வரி, உபயம்

பனமலையில் மலைமேல் தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. பல்லவ மன்னன் ராஜசிம்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அதில் ஒரு சுவரோவியம்: குடையின் கீழ் ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நின்றபடி சிவனின் ஆட்டத்தைப் பார்க்கிற பார்வதி. பாதிக்கு மேல் அழிந்துபோன நிலையிலும் இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் ஏறிப் போய்ப் பார்க்கலாம், டிக்கெட் இல்லை. அந்த ஓவியனுக்குக் கூலி கொடுத்தது ராஜா. ராஜாவுக்குக் கொடுத்தது நிலத்தில் உழைத்தவன். ஆக, பார்க்க வந்தவனுடைய முப்பாட்டன் எப்போதோ காசு கட்டிவிட்டான்.

கூத்துக்கு ராஜா கிடையாது. செஞ்சிச் சீமை திரௌபதி வழிபாட்டுக்குத் தாய்வீடு மாதிரி. பழைய செஞ்சி என்று சொல்லப்படுகிற மேலச்சேரி கோயிலைத்தான் இந்த வழிபாட்டின் மூலக்கோயிலாகச் சொல்வார்கள். இங்கே பாரதக் கூத்துக்குப் பணம் இரண்டு வழியில் வரும். ஒன்று தலைக்கட்டு வரி. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: செலவு 30,000 ரூபாய், ஊரில் 300 தலைக்கட்டு என்றால் வீட்டுக்கு 100 ரூபாய். பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்த பிறகு பக்கத்து ஊர்க்காரன் வந்து உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பிவிட மாட்டார்கள்.

இன்னொன்று உபயம். இன்றைய ஆட்டம் இன்னார் உபயம் என்று மைக்கில் சொல்வார்கள். கோயில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயரைப் பெரிதாக எழுதி வெளிச்சமே வராமல் செய்வார்களே, அதே கதைதான். ஆட்டத்துக்கு நடுவே யாராவது ரூபாய் நோட்டை நீட்டினால் கட்டியக்காரன் பாட்டை நிறுத்தி, கொடுத்தவர் பெயரையும் ஊரையும் சொல்லி வாழ்த்திவிட்டுத்தான் கதையைத் தொடருவான். அர்ச்சுனன் தபசு மரத்தில் பாதியில் நிற்பான்! இதற்குப் பெயர் விளம்பர இடைவேளை இல்லாமல் வேறென்ன?

ஆக, நவீன மீடியா உலகம் கண்டுபிடித்ததாகச் சொல்கிற மூன்று வழிகளில் இரண்டு எங்கள் ஊரிலேயே இருந்தன. வரி, விளம்பரம். மூன்றாவது டிக்கெட். அது சினிமாக் கொட்டகையோடு வந்தது. டிக்கெட் வந்த பிறகுதான் 'திருட்டுத்தனமாகப் பார்ப்பது' என்ற குற்றமே வந்தது என்பதையும் கவனியுங்கள்.

பற்பசை கொடுத்த பாட்டு

ரேடியோ இந்தியாவில் வரி முறையில்தான் ஓடியது. ரேடியோ வைத்திருந்தால் போஸ்ட் ஆபீசில் வருடா வருடம் லைசென்ஸ் கட்ட வேண்டும். அந்தக் காலத்து வீடுகளில் இதற்கென்று ஒரு புத்தகமே இருக்கும். (1980களில்தான் இது ஒழிந்தது.)

1952ல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் ஆனார். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய காணாமலே போனது. லைசென்ஸ் கட்டியவனுக்குக் கேட்டது கிடைக்கவில்லை. தலைக்கட்டு வரியை வாங்கிக்கொண்டு கூத்துக்குப் பதில் கதாகாலட்சேபம் வைத்த மாதிரி.

அப்போது கை கொடுத்தது இலங்கை. கொழும்பில் 1925 டிசம்பரிலேயே ஒலிபரப்பு தொடங்கியிருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக அங்கே சக்திவாய்ந்த சிற்றலை நிலையம் ஒன்றை அமைத்திருந்தார்கள். போர் முடிந்த பிறகு அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950ல் வர்த்தக சேவை ஆரம்பம். விளம்பரம் வாங்கிக்கொண்டு இந்தியா முழுக்கக் கேட்கும்படி பாட்டுப் போட்டார்கள். 1952ல் அமீன் சயானி இந்தியில் தொடங்கிய பினாக்கா கீத்மாலாவின் பெயரிலேயே பற்பசை இருக்கிறது. தமிழில் எஸ்.பி. மயில்வாகனன், பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்கள். என் தாத்தா கே.எஸ். ராஜா பேசுவது போலப் பேசிக் காட்டுவார், மூச்சு வாங்கும்.

இதில் யார் இழந்தார்கள்? சட்டப்படி திருட்டு எதுவும் இல்லை. ஆனால் இந்தியக் கம்பெனிகளின் விளம்பரப் பணம் கடல் தாண்டிப் போனது. டெல்லி இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3ல் விவித்பாரதி, சினிமாப் பாட்டோடு. 1967 நவம்பர் 1ல் அதே விவித்பாரதியில் விளம்பரங்கள், முதலில் பம்பாய், புனே, நாக்பூரில். பத்து வருஷம் யோசித்து, கடைசியில் கொழும்பு வழிக்கே வந்தார்கள்.

கடலில் நின்ற கொள்ளைக் கப்பல்

அதே 1967ல் இங்கிலாந்திலும் இதேபோல ஒரு கூத்து நடந்தது. அங்கே பி.பி.சி. லைசென்ஸ் பணத்தில் ஓடியது, இளைஞர்களுக்கான பாப் பாட்டு மிகக் குறைவு. 1964ல் ரேடியோ கரோலைன் என்று ஒரு கப்பலைக் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் பாய்ச்சி, சட்டம் எட்டாத கடலிலிருந்து பாட்டுப் போட்டார்கள். இதைத்தான் 'பைரேட் ரேடியோ' என்றார்கள். வருமானம்? விளம்பரம்தான்.

பிரிட்டிஷ் அரசு கப்பலைப் பீரங்கியால் சுடவில்லை. 1967 ஆகஸ்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தது: இந்த நிலையங்களில் விளம்பரம் கொடுப்பதும் இவற்றுக்குச் சரக்கு சப்ளை செய்வதும் குற்றம். பணக்குழாயை அடைத்தார்கள், பெரும்பாலானவை மூடின. அதோடு நிற்காமல் செப்டம்பர் 30ல் பி.பி.சி.யே ரேடியோ 1 என்ற பாப் நிலையத்தைத் தொடங்கியது, கப்பலில் இருந்த அறிவிப்பாளர்கள் சிலரையே வேலைக்கு வைத்துக்கொண்டது. முதல் நாள் காலை நிகழ்ச்சி நடத்திய டோனி பிளாக்பர்ன் கப்பலில் இருந்து வந்தவர்தான்.

இரண்டு பாடம் இதில் இருக்கிறது. ஒன்று, திருட்டு ஒலிபரப்பும் விளம்பரத்தில்தான் வாழ்கிறது. இரண்டு, அதை ஒழிக்க அடி மட்டும் போதாது, ஜனங்கள் கேட்ட பொருளை நேர்வழியில் கொடுக்கவும் வேண்டும். நம் ஊரில் இந்த இரண்டாவது பாடத்தைத்தான் அடிக்கடி மறந்தோம்.

டெக்கு, கேபிள், திருட்டு விசிடி

1976 ஜனவரியில் தூர்தர்ஷனுக்கு விளம்பரம் வந்தது. 1984ல் வந்த 'ஹம் லோக்' தொடருக்கு ஸ்பான்சர் மேகி நூடுல்ஸ். நம் வீடுகளுக்குள் நூடுல்ஸ் நுழைந்த கதையும் டிவி சீரியல் நுழைந்த கதையும் ஒன்றே.

அதே காலத்தில் கிராமத்தில் வேறு ஒன்று ஓடியது. டெக்கு. பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் காரியம், எதுவானாலும் டவுனிலிருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம். காசு கொடுப்பவர் விசேஷ வீட்டுக்காரர், ஊருக்கே இலவசம். கூத்துக்காரர்களுக்கு முதல் அடி இங்கே விழுந்தது. ஜமாவுக்குக் கொடுப்பதைவிட டெக்கு மலிவு.

அந்தக் கேசட் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. சட்டம் கேட்டது. 1984ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருட்டுக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதம் என்று வைத்தார்கள். டெக்கு வாடகைக் கடைகள் அதற்குப் பிறகும் தெருவுக்குத் தெரு இருந்தன.

1993 ஏப்ரல் 14ல் சன் டிவி. தெருவெங்கும் கேபிள் ஒயர். கேபிள்காரர்கள் தங்கள் லோக்கல் சேனலில் படம் போட்டு, கீழே ஊர் ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரத்தை ஓடவிட்டார்கள். புதுப்படம் வந்த வாரமே கேபிளில் வந்த ஊர்களும் உண்டு. திருட்டும் விளம்பரமும் ஒரே திரையில்! மேலே ஒருவனுடைய படம், கீழே இன்னொருவனுடைய விளம்பரம், காசு மூன்றாமவனுக்கு. எனக்கு யூட்யூப் வியாபாரம் புரிந்தது இந்தக் கேபிள் கதையைக் கேட்ட பிறகுதான்.

பிறகு விசிடி. தியேட்டரில் கேமரா வைத்துப் பிடித்த பிரிண்ட், முன்வரிசைக்காரன் எழுந்து போகும் நிழலோடு. சினிமாக்காரர்கள் போராட, 2004ல் தமிழக அரசு 1982ஆம் வருடத்துக் குண்டர் சட்டத்தைத் திருத்தி 'வீடியோ திருடர்'களையும் அதில் சேர்த்தது. கள்ளச்சாராயக்காரர், போதைமருந்து விற்பவர் வரிசையில் சிடி விற்பவர். வழக்கு நடத்தித் தண்டிப்பதற்கு முன்பே ஒரு வருடம் வரை அடைத்து வைக்கலாம். மாட்டியவர்களில் பலர் பஸ் ஸ்டாண்டு ஓரம் சிடி பரப்பி விற்றவர்கள். பிரதி எடுக்கும் இயந்திரத்துக்கு முதல் போட்டவர் பஸ் ஸ்டாண்டில் உட்கார மாட்டார் அல்லவா?

2006 செப்டம்பரில் இலவச கலர் டிவித் திட்டம். 2011க்குள் ஒரு கோடிக்கு மேல் பெட்டிகள். பெட்டி ஓசி, கேபிளுக்கு மாதச் சந்தா. விளம்பரதாரருக்கோ பார்வையாளர் கூட்டம் ஓசி. அரசாங்கம் தன் செலவில் விளம்பரத்துக்குக் கண்களைச் சேர்த்துக் கொடுத்தது என்றும் இதைப் படிக்கலாம்.

கொலவெறியும் 12,564 தளங்களும்

2011 நவம்பரில் நடந்ததைக் கல்லூரிகளில் கேஸ் ஸ்டடியாகவே சொல்கிறார்கள். 'கொலவெறி' பாட்டின் முழுமையாகாத வடிவம் ஒன்று இணையத்தில் கசிந்தது. அழுதுகொண்டு உட்காராமல் நவம்பர் 16ல் ஸ்டுடியோ வீடியோவோடு பாட்டை அதிகாரபூர்வமாக யூட்யூபில் விட்டார்கள். உலகமே பாடியது. கசிவே விளம்பரம் ஆனது.

ஆனால் அதே '3' படத்துக்காக 2012ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் பெயர் தெரியாத 'அசோக்குமார்'கள் மேல் தடை உத்தரவு வாங்கினார்கள். (இங்கிலீஷ்காரனுக்கு ஜான் டோ, நமக்கு அசோக்குமார்!) அதைக் காட்டி இணைய சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களையே மொத்தமாக முடக்கின. தளம் முழுவதையும் அல்ல, குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே முடக்க வேண்டும் என்று அந்த ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. பாட்டில் காட்டிய புத்தி படத்தில் காணவில்லை.

நேர்வழியில் வீட்டுக்கே படம் கொடுக்கவும் சிலர் பார்த்தார்கள். 2013ல் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தை டிடிஎச்சில் முதலில் காட்ட முயன்றார், தியேட்டர் உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். 2015 மார்ச்சில் சேரன் 'சினிமா டு ஹோம்' என்று 50 ரூபாய்க்கு டிவிடி கொண்டுவந்தார், நிலைக்கவில்லை. இருவரும் ரேடியோ 1 பாடத்தைப் படித்தவர்கள் என்பேன். காலம்தான் கைகொடுக்கவில்லை.

நடுவில் தமிழ்ராக்கர்ஸ் வந்துவிட்டது. 2018 நவம்பரில் '2.0' வெளியானபோது 12,564 தளங்களை முடக்கச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது, அதில் இரண்டாயிரத்துக்கும் மேல் தமிழ்ராக்கர்ஸ் பெயரில் இருந்தவை. ஒன்றை அடைத்தால் எழுத்து மாறி இன்னொன்று முளைக்கும். இலவசமாகப் படம் கொடுக்கும் இவர்களுக்கு சர்வர் செலவு யார் தருகிறார்கள்? அதே பழைய ஆள், விளம்பரதாரர். எங்கே தொட்டாலும் திறக்கிற சூதாட்டப் பக்கங்கள்தான் அவர்களுடைய உபயதாரர். 2013ல் லண்டன் போலீஸ் இதற்கென்று ஒரு பிரிவு தொடங்கி, திருட்டுத் தளங்களின் பட்டியலை விளம்பரக் கம்பெனிகளிடம் கொடுத்துப் பணத்தை நிறுத்தச் சொன்னது. 1967 கப்பல் வைத்தியம்தான் இது. நம் 2023 ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டமோ மூன்று மாதம் முதல் மூன்று வருடம் சிறை, மூன்று லட்சம் முதல் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம் என்று அடியைத்தான் கூட்டியது.

திருட்டுத் தளம் பக்கம் போகிறவர்களைக் குறைத்தது எது என்று கேட்டால், சட்டத்தைவிட 2016 செப்டம்பர் 5ல் வந்த ஜியோவைச் சொல்வேன். சில மாதங்களுக்கு டேட்டாவே இலவசம். 2023ல் ஐபிஎல் முழுவதும் ஜியோசினிமாவில் இலவசம். அந்த டிஜிட்டல் உரிமைக்கு ஐந்து வருடத்துக்கு 20,500 கோடி ரூபாய் கொடுத்திருந்தார்கள். அது தானமல்ல, கடைக்குக் கூட்டம் சேர்க்கிற செலவு. 2025 பிப்ரவரியில் அது ஜியோஹாட்ஸ்டார் ஆனது, முழு சீசன் ஓசி என்பதும் போனது. அதே வருடம் ஜூனில் அமேசான் பிரைம் சந்தா கட்டியவர்களுக்கே விளம்பரம் காட்டத் தொடங்கியது. தலைக்கட்டு வரியும் கட்டு, உபயதாரர் பெயரையும் கேள் :-)

திரும்ப வாத்தியாரிடம்

இப்போது அந்த மூன்று செல்போனுக்கு வருவோம். யூட்யூபில் ஆயிரம் சந்தாதாரரும் வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால் விளம்பரப் பங்கு கிடைக்கும். நீள வீடியோவுக்கு வருமானத்தில் 55 சதவீதம் சேனலுக்கு. கூத்து எட்டு மணி நேரம் ஓடும் என்பதால் மணிக்கணக்குச் சேர்ப்பது சுலபம். 2007 முதல் யூட்யூபில் பிரதிகளைக் கண்டுபிடிக்கிற ஏற்பாடு உண்டு. ஆனால் அது கேட்பது, அசல் யாரிடம் பதிவாகியிருக்கிறது என்று. சினிமாக் கம்பெனியிடம் அசல் இருக்கிறது. ஜமாவிடம் என்ன இருக்கிறது? ஆடி முடித்ததும் அசல் கரைந்துவிடுகிறது.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. காப்புரிமைச் சட்டத்தில் 'நிகழ்த்துபவர்' என்பதற்குள் நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை சேர்த்திருக்கிறார்கள். 1994 திருத்தம் அந்த உரிமையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது, 2012 திருத்தம் அதை இன்னும் விரித்தது. அவர்கள் ஆட்டத்தைப் பதிவுசெய்து பொதுமக்களுக்குக் கொடுக்க அவர்கள் அனுமதி வேண்டும், வணிகமாகப் பயன்படுத்தினால் ராயல்டியும் உண்டு, 50 வருடம் வரை. பாம்பாட்டிக்கே இருக்கும் உரிமை கட்டியக்காரனுக்கு இருக்காதா?

இதை வாத்தியாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வாணாம்னு சொன்னா படம் புடிக்க வரமாட்டாங்க தம்பி. அதப் பாத்துட்டுதான் தூரத்து ஊருலேருந்து அச்சாரம் குடுக்க வர்றாங்க" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதும் உண்மைதான். கசிவே விளம்பரம் என்று கொலவெறிக்காரர்கள் கண்டுபிடித்ததை அவர் எனக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஆனால் கொலவெறிக்காரர்களுக்குச் சேனலும் அவர்களுடையதாக இருந்தது. இவருக்கு இல்லை.

அதனால் ஒரே ஒரு யோசனை சொல்லிவிட்டு வந்தேன். அச்சாரம் வாங்கும்போது ஊரோடு பேசுகிற பேச்சில் இதையும் சேர்த்துவிடுங்கள்: படம் பிடிக்கிறவர் யாராக இருந்தாலும் ஜமாவுக்கு ஒரு தொகையோ வருமானத்தில் ஒரு பங்கோ தர வேண்டும், வீடியோவில் ஜமா பெயரும் போன் நம்பரும் போட வேண்டும். ஜமாவுக்கே ஒரு சேனல் தொடங்கிக் கொடுக்க நானும் இரண்டு நண்பர்களும் தயார் என்றும் சொன்னேன். "பாக்கலாம் தம்பி" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

குண்டர் சட்டம் வரைக்கும் போய்ப் பாதுகாத்த சினிமாவைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நூறு கோடி போட்டவருக்கு நூறு கோடிக் கவலை. ஆனால் ராத்திரி முழுக்கக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஒரு மனுஷனின் உழைப்புக்கு மேல் விளம்பரம் ஓடுகிறதே, அதை நாம் யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. நானே அந்த வீடியோக்களை ஹாஸ்டலில் ஓசியில் பார்த்தவன்தான்.

அடுத்த முறை ஊர்ப் பக்கம் கூத்து பார்த்தால், கட்டியக்காரன் கையில் ஒரு பத்து ரூபாயாவது கொடுத்துவிட்டு வாருங்கள். உங்கள் பெயரையும் ஊரையும் மைக்கில் சொல்வான். உங்கள் ஊரில் ஜமாக்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள், வாத்தியாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.